சாய்ந்தும் அணையாத ஹீட்டர்

இது யாரோ சொல்லிக் கேட்டதல்ல. மார்லீனுக்கு இரண்டு மேசை தள்ளித்தான் நான் உட்கார்ந்திருந்தேன். சிரிக்க நினைப்பவர்கள் முழுக்கப் படித்துவிட்டுச் சிரிக்கட்டும்.

ஒஹாயோவில் எங்களுடையது ஹீட்டர் தொழிற்சாலை. தரப் பரிசோதனை மார்லீனின் பொறுப்பு. ஹீட்டர் சாய்ந்தால் தானாக அணைய வேண்டும். அதற்கென்றே உள்ளே ஒரு ஸ்விட்ச் உண்டு. அந்த வருஷம் முதலாளி மட்டமான ஸ்விட்சுகளை வாங்கிப் போட்டார். மார்லீன் வாயைத் திறக்கவில்லை. பழைய ஸ்விட்ச் போட்ட நல்ல ஹீட்டர் ஒன்றை மட்டும் அலமாரியில் பத்திரப்படுத்தினாள். அது, சோதிக்க வரும் ஆய்வாளர் டெல்பர்டுக்குக் காட்ட.

அவர் சொல்லாமல் கொள்ளாமல் வருவார். சோதிக்க வேண்டியதை அவரே கிடங்கிலிருந்து எடுக்க வேண்டும். ஆனால் மார்லீன் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. அவள் நீட்டியதையே சோதித்துவிட்டுப் போவார். அது அவளுக்கு உறுத்திக்கொண்டேதான் இருந்தது.

பனி கொட்டிய ஒரு வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி. மார்லீன் நிமிர்ந்தாள். எதிரே டெல்பர்ட்.

கதவுச் சத்தம் கேட்கவில்லை. பனியில் நடந்து வந்தவரின் பூட்ஸில் ஈரமே இல்லை.

“காபி தரட்டுமா? டோனட்கூட இருக்கு.”

“வேணாம்மா.”

டோனட்டை வேண்டாமென்று அவர் சொல்லி அவள் கேட்டதே இல்லை.

அலமாரி ஹீட்டரை மேசையில் வைத்தாள். பிளக்கைச் சொருகப் போனாள். அதற்குள் அவர் ஒரு விரலால் அதைச் சாய்த்தார்.

டக்...

கம்பிகள் சிவந்தன. அணையவில்லை.

பிளக் இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

“போன வாரம் எங்க வீட்டுக்கும் இதுல ஒண்ணு வாங்கினேன். உன்ன நம்பித்தான்.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

“வாசல்ல ஹீட்டர் பெட்டி ஏத்தின லாரி நிக்குதே. போகப்போகுதா?”

“இல்ல... நிறுத்திடறேன்.”

“நிஜமாவா?”

“நிஜமா.”

கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள்.

யாருமில்லை.

என் கண்ணுக்கு அவர் தெரியவே இல்லை. மார்லீன் தனியாகப் பேசிக்கொண்டிருந்தாள். மேசையில் அந்தச் சிவப்பு வெளிச்சத்தை மட்டும் நானும் பார்த்தேன்.

மனசாட்சி பண்ணும் வேலை என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். மதியம் முதலாளி கத்தினார். “லாரி ஏன் இன்னும் நிக்குது?” போகட்டும் என்று மார்லீன் தலையாட்டினாள். லாரி போய்விட்டது.

திங்கட்கிழமை ஒரு இளம்பெண் வந்தாள். புது ஆய்வாளராம்.

“டெல்பர்ட் வரலையா?” என்று மார்லீன் கேட்டாள்.

“உங்களுக்கு யாரும் சொல்லலையா? வீட்ல தீப்பிடிச்சு இறந்துட்டார். தூங்கும்போது ஹீட்டர் சாய்ஞ்சிருக்கு... அணையல.”

“எப்போ?”

“வியாழக்கிழமை ராத்திரி.”

மார்லீன் அலமாரிப் பக்கம் திரும்பவில்லை. அந்தப் பெண்ணைக் கிடங்குக்கு அழைத்துப் போய், “நீங்களே எடுங்க,” என்றாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள்.

ஆனால் வெள்ளிக்கிழமை போன பெட்டிகள் கடைகளில் விற்றுத் தீர்ந்திருந்தன. செத்த பிறகும் அவளை நம்பி வந்து கேட்டவரிடம், அவள் மறுபடியும் பொய்தான் சொல்லியிருந்தாள்.