பல்வலி என்று சொல்லி வந்தவர்கள்

அவர் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். மைக் இல்லாமலே மூன்றாம் நடைமேடைவரை எட்டும் குரல். வீட்டில் உப்புக் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரி எடுத்துக்கொண்டு வந்து நிற்பாள்.

பரீட்சை நெருங்க நெருங்க, பதினாறு வயது மகளுக்கு நெஞ்சு படபடத்தது. பள்ளி வாசலைக் கண்டாலே வயிற்றைப் புரட்டியது. அப்பா முதலில் வாயு என்றார். பிறகு செல்போன் என்றார்.

"நீங்க கொஞ்ச நேரம் வாயை மூடினாலே பாதி சரியாயிடும்" என்றாள் மனைவி.

கடைசியில் வழக்கமாகப் பார்க்கும் டாக்டர், மனநல மருத்துவரிடம் அனுப்பிவைத்தார். அப்பாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாலு பேருக்குத் தெரிந்தால் மானம் என்னாவது? மகளுக்குத் தொப்பியும் முகக்கவசமும் மாட்டினார். தான் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டார்.

"ஏம்ப்பா, பேங்க்ல கொள்ளையடிக்கவா போறோம்?" என்றாள் மகள்.

காத்திருக்கும் அறையில் உட்கார இடமில்லை. அத்தனையும் பள்ளிப் பிள்ளைகள். ஒருவர் மட்டும் சுவரில் மாட்டியிருந்த தீயணைப்புக் கருவியின் குறிப்புகளை உருகி உருகிப் படித்துக்கொண்டிருந்தார். அந்த வழுக்கையை எங்கோ பார்த்த மாதிரி இருந்தது.

"நம்ம குடியிருப்புச் சங்கத் தலைவர்தானே அது?" என்று மகளின் காதில் கிசுகிசுத்தார் அப்பா. அறையே திரும்பிப் பார்த்தது.

"பல்லுவலி சார்" என்றார் தலைவர், கன்னத்தைப் பிடித்தபடி.

"இங்க பல்லு பாக்க மாட்டாங்களே!"

தலைவரின் மகன் குறுக்கிட்டான். "எனக்குத்தான் அங்கிள். லிப்ட்ல ஆள் இருந்தா ஏறவே முடியல. அஞ்சு மாடியும் நடந்துதான் போறேன்."

"அடப்பாவி!" என்றாள் மகள். "என்னைப் பாத்ததும் படிக்கட்டுப் பக்கம் ஓடுவியே, திமிர்னுல்ல நெனச்சேன்!"

மூலையில் ஒரு தாய் சிரித்துவிட்டாள். பிறகு மற்றவர்களும் சிரித்தார்கள்.

மருத்துவர் பொறுமையாக விளக்கினார். "இது பதட்ட நோய். இப்ப நகரத்துல நிறைய பிள்ளைங்களுக்கு இருக்கு. பேசிப் பேசி, கொஞ்சம் கொஞ்சமா பழகித்தான் சரியாகும்."

"நான் பேசுறேன் டாக்டர்!"

"வேணாம். அவ பேசட்டும், நீங்க கேளுங்க."

கேட்பது இவ்வளவு கஷ்டமான வேலை என்று அவருக்கு அதுவரை தெரியாது. தினமும் சாயங்காலம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். அறிவுரை தொண்டைவரை வரும். தண்ணீர் குடித்து உள்ளே தள்ளுவார். அடுத்தடுத்த முறை இரண்டு குடும்பமும் ஒரே ஆட்டோவில் மருத்துவரிடம் போயின.

பரீட்சையன்று மகள் நடுவில் ஒருமுறை எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்து எழுதினாள். வாசலில் அப்பா நின்றிருந்தார்.

"பயம் போயிடுச்சாம்மா?"

"எங்க போகும்? பக்கத்துலயே உக்காந்திருந்துச்சு. ஆனா நான்தான் எழுதினேன்" என்றாள். "பசிக்குதுப்பா, வாங்க போலாம்."