பானுவுக்கு எட்டுகிற மிஷின்

மரம் வெட்டுகிற தொழிலில் மரத்தை வெட்டுவது சின்ன வேலை. வெட்டிப் போட்டதை அந்த இடத்தை விட்டுக் கிளப்புவதுதான் பெரிய வேலை. ஒரத்தநாட்டுப் பக்கம் நானும் என் தம்பி செல்வமும் ஆள் வைத்து இந்தத் தொழிலைப் பார்க்கிறோம். அவனும் ஆண்களும் மேலே ஏறி ரம்பம் பிடிப்பார்கள். நானும் பெண்களும் கீழே விழுகிற கிளையை இழுத்துச் சேர்ப்போம். "கிளையைத் தூளாக்குற சிப்பர் மிஷின் வாங்கணும்க்கா, எதைப் பார்த்து வாங்குறது?" என்று இப்போதெல்லாம் என்னிடம் வந்து கேட்கிறார்கள். எனக்குப் படிப்பு கம்மி. பட்டதைச் சொல்கிறேன். இந்தத் தொழிலில் இருக்கிற உங்களுக்கும் இதில் பாதியாவது நடந்திருக்கும்.

கேட்பாரில்லாத கிளை

அடிமரத்தை மரவாடிக்காரர் தூக்கிக்கொண்டு போய்விடுவார். நடுக்கட்டை செங்கல் சூளைக்குப் போகும். மிச்சம் இருக்கிற தழையும் மிளாறுக் குச்சியும்தான் நமக்கு வினை. முன்னெல்லாம் நாங்கள் மரத்தில் கை வைக்கும்போதே அக்கம்பக்கத்துப் பெண்கள் விறகுக்கு அரிவாளோடு வந்து நிற்பார்கள். இப்போது எல்லார் வீட்டிலும் கேஸ் அடுப்பு. கொளுத்திவிடலாம் என்றால் ஒரு பக்கம் வைக்கோல் போர், ஒரு பக்கம் ரோட்டில் காய்கிற நெல், இன்னொரு பக்கம் புதுசாக வெள்ளையடித்த வீடு.

பாபநாசத்தில் ஒரு வீட்டு வாசலில் பெரிய வேப்பமரத்தை எடுத்தோம். மரம் காலையிலேயே இறங்கிவிட்டது. கிளையை ஏற்றிப் போகிறேன் என்ற டிப்பர்காரர் அன்றைக்கும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. வீட்டுக்காரர் வெளியே போக வழி இல்லாமல் கொல்லைப்புறமாகச் சுற்றி வந்தார். சிங்கப்பூரில் இருக்கிற மகன் கேமராவில் பார்த்துவிட்டுப் போன் மேல் போன். அவர் கோபப்படவில்லை. நிதானமாக என்னிடம் சொன்னார்: "ஏம்மா, மரம் இருந்தப்ப ஒரு மரந்தான் இருந்துச்சு. நீங்க வெட்டினதுக்கப்புறம் வீட்டைச் சுத்தி மரமா இருக்கு."

வாடகைக்கு வந்த மிஷின்

அதற்கப்புறம்தான் வெளியூரிலிருந்து ஒரு சிப்பர் மிஷினை வாடகைக்கு எடுத்தோம். ஒரு பக்கம் வாய்; அதில் கிளையை விட்டால் உள்ளே இருக்கிற பல் உருளை இழுத்துக்கொள்ளும். கத்தி அதை அரிந்து, மறுபக்கம் குழாய் வழியாகச் சில்லுச் சில்லாகத் துப்பும். கிளையை விடுகிற வேலை பானுவுக்கு. பானு எங்கள் தெருப் பெண். ஆள் குட்டை, கை சுறுசுறுப்பு. ஒரு கிளையைப் பார்த்ததுமே எந்த நுனி முதலில் போகணும் என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

எங்கள் பக்கம் வேலைக்கு வருகிற பெண்கள் சேலைக்கு மேல் வீட்டுக்காரர் சட்டையைப் போட்டுக்கொள்வது உங்களுக்குத் தெரியும். அந்தத் தொளதொளத்த கையில் ஒரு கவட்டைக் கிளை மாட்டிக்கொண்டது. உருளை கிளையை இழுக்க, கிளை சட்டையை இழுக்க, பானு பின்னால் சாய்ந்து உட்கார்ந்தே விட்டாள். நல்ல வேளை, பழைய சட்டை. தோளோடு கிழிந்துகொண்டு போனது. நிறுத்துகிற பொத்தான் மிஷினுக்கு அந்தப் பக்கம் இருந்தது. செல்வம் ஓடி வந்து அதை அமுக்குவதற்குள் நீலச் சட்டைக் கை பொடிப்பொடியாகக் குழாய் வழியே வந்து விழுந்தது. பானு எழுந்தாள். மண்ணைத் தட்டிக்கொண்டாள். "இன்னிக்குச் சட்டைக் கை போயிருக்கு. நாளைக்குச் சட்டையோட கை போகும். நான் நடவுக்குப் போறேன்க்கா."

சொன்னபடி மறுநாள் நடவுக்குப் போய்விட்டாள். வேறு ஆள் போட்டுக்கொள்ளலாம் என்றான் செல்வம். யாரைப் போட்டாலும் அதே வாய், அதே உருளை, அதே எட்டாத பொத்தான்தானே? பானு தைரியமாகத் திரும்பி வந்து நிற்கிற மாதிரி ஒரு மிஷின் பார்க்கணும் என்று அன்றைக்கே முடிவு பண்ணினேன்.

டிராக்டரில் மாட்டுவது

செல்வம் முதலில் பார்த்தது டிராக்டர் பின்னால் மாட்டி ஓட்டுகிற மிஷின். இன்ஜின் தனியாக வேண்டாம், ஊரில்தான் எத்தனை டிராக்டர் இருக்கிறது என்றான். கேட்க நன்றாகத்தான் இருந்தது. எதற்கும் கேட்டு வைப்போம் என்று எங்கள் ஊர் டிராக்டர் ஓட்டுகிற பெரியவரிடம் போனேன். கோடையில் எப்போது கூப்பிட்டாலும் வருகிறேன் என்றார். ஆற்றில் தண்ணி வந்துவிட்டால்? வண்டி சேற்றில் இறங்கிவிடும் என்றார்.

நமக்கு மரம் முறிந்து விழுவதெல்லாம் மழையிலும் காற்றிலும்தான். அந்த நேரம் பார்த்து அத்தனை டிராக்டரும் உழவில் இருக்கும். ஒரு நாள், அரை நாள் விட்டுவிட்டு வரக்கூடாதா என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நாத்து முத்திப்போகுதுன்னு அவன் வரப்புல நின்னு கத்துறான். உங்க தழை முத்திப்போனா என்னங்க ஆயிடும்?"

அடைகாத்த மிஷின்

வேதாரண்யத்தில் மாந்தோப்பு வைத்திருக்கிற ஒருவர் புயலுக்கப்புறம் சிப்பர் வாங்கினார், போய்ப் பாருங்கள் என்றார்கள். பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தேன். மிஷின் தார்ப்பாய்க்கு அடியில் இருந்தது. தார்ப்பாயைத் தூக்கினால் மிஷின் வாய்க்குள் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. என்னைப் பார்த்து அது போட்ட கூச்சலில் தோப்பு நாயெல்லாம் ஓடி வந்தது.

பெல்ட் அறுந்துவிட்டதாம். அந்த அளவு பெல்ட் இந்தப் பக்கம் எங்கேயும் இல்லை. விற்றவர்கள் வரும், வரும் என்கிறார்கள். உப்புக்காற்றில் பேரிங்கும் இறுகிப் போச்சு. நான் அங்கே கற்றுக்கொண்டது பெரிய பாடம். நம் பக்கம் மூலைக்கு மூலை ரைஸ் மில் இருக்கிறது, அறுவடை மிஷின் ஓடுகிறது. அதற்குப் போடுகிற பெல்ட்டும் பேரிங்கும் எந்த சிப்பருக்குப் பொருந்துமோ அதுதான் நமக்கு மிஷின். மற்றதெல்லாம் கோழிக்கூடு. ஆனால் தோப்புக்காரர் தன் மிஷினை விட்டுக்கொடுக்கவில்லை: "மிஷினைக் குறை சொல்லக் கூடாதுங்க. புயலுக்கு அடுத்த வருஷத்துலேர்ந்து ஒரு சத்தம் போட்டதில்ல."

கோணல் மரம்

தஞ்சாவூர் பைபாஸில் ஒரு கடை. கடைத் தம்பி நல்ல பையன், மரியாதையாகப் பேசினான். சிவப்பாக ஒரு பெரிய மிஷினை ஓட்டிக் காட்டினான். சவுக்குக் கம்பை ஒவ்வொன்றாக விட்டான். வெண்ணெய் மாதிரி இறங்கியது. செல்வத்துக்கு அப்போதே மனசு அங்கே போய்விட்டது. எத்தனை குதிரை சக்தி என்று கேட்டுக் கேட்டுச் சந்தோஷப்பட்டான்.

நான் வந்த லோடு ஆட்டோவில் எங்கள் சரக்கு கிடந்தது. பச்சைத் தென்னை மட்டை, ஈரத்தோடு வேப்பந்தழை, பூவரசங்கிளை. இதை விடு தம்பி என்றேன். தென்னை மட்டை நார் நாராகப் பிரிந்து உருளையில் சுற்றிக்கொண்டது. வேப்பந்தழை துப்புகிற குழாயில் போய் அடைத்துக்கொண்டது. பூவரசங்கிளையோ அந்தக் குறுகின வாய்க்குள் நுழையவே மாட்டேன் என்றது. கடைத் தம்பிக்கு வியர்த்துவிட்டது. குழாயைக் கழற்றித் தழையை நோண்டிக்கொண்டே சொன்னான்: "கம்பெனிக்காரன் நேரா வளர்ற மரத்தை நினைச்சுச் செஞ்சுட்டான்க்கா. உங்க ஊர்ல எல்லாமே கோணிக்கிட்டு வளர்ந்தா அவன் என்ன பண்ணுவான்?"

ஸ்டூல்

அடுத்த தடவை அந்தக் கடைக்குப் போகும்போது பானுவையும் கூட்டிப்போகலாம் என்று வயலுக்கே போனேன். மிஷின் பார்க்க நான் எதுக்கு என்றாள், குனிந்த தலை நிமிராமல். "வாங்குறது நான். கை உன்னோடதுடி" என்றேன். நாற்று முடியை வைத்துவிட்டுக் காலைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

சிவப்பு மிஷினில் நிறுத்துகிற கம்பி வாய்க்கு மேலே இருந்தது. அதைத் தள்ளினால் உருளை நிற்கும். "எட்டுதா பார்" என்றேன். பானு நுனிக்காலில் நின்று கையை நீட்டினாள். கம்பியைத் தொடுவதற்குள் தலையும் தோளும் மிஷின் வாய்க்குள்ளேயே போய்விட்டது. கடைத் தம்பிக்கும் அது புரிந்தது. ஒரு ஸ்டூல் போட்டுக்கொள்ளலாமே என்று யோசனை சொன்னான். பானு அவனைத் திரும்பிப் பார்த்தாள். "ஸ்டூல் போட்டா ரொம்ப வசதி தம்பி. கை மட்டும் போகாது, நானே நேரா போயிடலாம்."

மூலையில் மஞ்சளாக இன்னொரு மிஷின் நின்றது. சிவப்பை விடச் சின்னது. வாய் மட்டும் அகலம். நிறுத்துகிற கம்பி வாயின் கீழ் விளிம்பை ஒட்டி, பானுவின் இடுப்பு உயரத்தில் ஓடியது. கையே வேண்டாம், முன்னால் சாய்ந்தாலே உருளை நிற்கும், இன்னும் அழுத்தினால் பின்னால் சுற்றிக் கிளையைத் திருப்பிக் கொடுக்கும். பானு சும்மா ஒரு இடி இடித்துப் பார்த்தாள். நின்றது. மறுபடி இடித்தாள். நின்றது. மட்டையையும் தழையையும் மெதுவாகத்தான் தின்றது, ஆனால் தின்றது. பெல்ட் எண்ணைப் போனில் படம் பிடித்து எங்கள் ஊர் ரைஸ் மில் மெக்கானிக்குக்கு அனுப்பினேன், இருக்கிறது என்றார். அதையே பேசி முடித்தேன். செல்வம் கடையை விட்டு வெளியே வரும் வரைக்கும் சிவப்பையே பார்த்துக்கொண்டு வந்தான். "ஊருக்கே தெரியப்போகுது, நம்ம மிஷினை இடுப்பால இடிச்சா நின்னுடும்னு."

தூள்

முன்பு சீந்துவாரில்லாத கிளை, தூளானதும் மவுசு வந்துவிட்டது. தென்னைக்குப் பாத்தியில் போடுகிறேன் என்று ஒருவர், மாட்டுக் கொட்டிலில் பரப்புகிறேன் என்று ஒருவர். ஒரு வீட்டில் தூளை மூட்டை கட்டி ஏற்றிக்கொண்டிருந்தோம். வீட்டம்மா ஓடி வந்து மூட்டையைப் பிடித்துக்கொண்டார். கிளையை அப்புறப்படுத்துங்கள் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றேன். "கிளையைத்தான் எடுத்துட்டுப் போகச் சொன்னேன். இதுல கிளை எங்கம்மா இருக்கு?"

ஆணி

கத்தியைப் பற்றி ஒன்று. இரண்டு பக்கமும் கூர் இருக்கிற கத்தியாக, உள்ளூர்ப் பட்டறையில் தீட்டக்கூடியதாகப் பார்த்து வாங்குங்கள். ஏனென்றால் நம் ஊர் மரத்தில் ஆணி இல்லாத மரம் குறைவு. விளம்பரத் தட்டிக்கு ஒரு ஆணி, துணி காயப்போட ஒரு ஆணி. புளியமரம் என்றால் பேயை ஓட்டி மரத்தில் இறக்கி அடித்த ஆணி வேறு.

ரோட்டோரம் ஒரு புளியமரத்தைக் கழித்தோம். கண்ணில் பட்ட ஆணியை எல்லாம் செல்வம் பிடுங்கினான். பட்டை மூடி உள்ளே போய்விட்ட ஒன்று தப்பிவிட்டது. மிஷினுக்குள் டணார் என்று ஒரு சத்தம். கத்தியில் பல் விழுந்தது. கழற்றித் திருப்பிப் போட்டு அன்றைக்கே வேலையை முடித்தோம். அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் மட்டும் தூள் குவியல்களைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு கவலையாகக் கேட்டார்: "மரத்துல இருந்த வரைக்கும் அது எங்க இருக்குன்னு எங்களுக்குத் தெரியும். இப்ப எந்தக் குவியல்ல இருக்குன்னு எப்படிம்மா கண்டுபிடிக்கிறது?"

ஆலமரம்

போன தடவை ஆற்றில் தண்ணி வருகிற சமயம். வாய்க்கால் கரை ஆலமரத்தில் பாதி முறிந்து வாய்க்காலுக்குள் கிடந்தது. தண்ணி வருவதற்குள் எடுக்கவில்லை என்றால் அடைத்துக்கொண்டு கீழ்மடைக்குப் போகாது. எல்லோருக்கும் அவசரம். மாடு கன்று போட்டால் நஞ்சுக்கொடியைச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். பால் வடிகிற மரத்தில் கட்டினால் மாட்டுக்குப் பால் ஊறும் என்பார்கள். முறிந்த கிளையில் வரிசையாகச் சாக்கு தொங்கியது. எல்லாவற்றையும் அவிழ்த்து நிற்கிற கிளையில் கட்டிவிட்டுத்தான் வேலையை ஆரம்பித்தோம்.

தழைக்குள் ஒரு பழைய சாக்கு மறைந்திருந்ததை யாரும் பார்க்கவில்லை. பானு விட்ட கிளையோடு அந்தச் சாக்குக் கயிறும் போனது. நைலான் கயிறு. அதன் சுருக்கு அவள் முழங்கைக்குக் கீழே விழுந்து இறுகியது. உருளை இழுக்கிறது. செல்வம் மரத்து மேல், நான் வாய்க்காலுக்குள். "பானூ" என்று கத்தினேனே தவிர, ஏறி ஓட நேரம் எங்கே? அவள் கையைத் திருப்பி இழுக்கவில்லை. இழுத்திருந்தால் சுருக்கு இன்னும் இறுகியிருக்கும். கை போன பக்கமே ஒரு எட்டு வைத்து, இடுப்பால் கம்பியை ஓங்கி ஒரு இடி இடித்தாள். உருளை நின்றது. அழுத்திப் பிடித்தாள்; பின்னால் சுற்றியது. கிளை வந்தது, சாக்கு வந்தது, கயிறு தளர்ந்தது. செல்வம் எப்படி இறங்கினான் என்று தெரியவில்லை, வந்து அவள் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒரு கோடு மாதிரி சிவந்திருந்தது, அவ்வளவுதான். அன்றைக்கப்புறம் அவன் சிவப்பு மிஷினைப் பற்றி வாய் திறக்கவில்லை.

நாங்கள் கயிற்றை அவிழ்த்துப் போடுவதற்குள் சாக்குக்குச் சொந்தக்காரர் வந்துவிட்டார். சாக்கு கிழிந்து கிடந்ததைப் பார்த்ததும் அவருக்குத் தாங்கவில்லை. மாடு இப்பத்தான் நல்லா பால் குடுக்குது, வத்திப்போச்சுன்னா யார் பொறுப்பு என்று சத்தம் போட்டார். பானு தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள். சொம்பைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். "வத்துச்சுன்னா கூப்பிடுங்கண்ணே, நானே வந்து கறந்து பார்க்கிறேன். ரெண்டு கையும் இருக்கு."

சிப்பர் வாங்கப் போகிறவர்களே, எவ்வளவு வேகமாக ஓடும் என்பதைக் கடைக்காரர் கேட்காமலே சொல்லிவிடுவார், எவ்வளவு சீக்கிரம் நிற்கும் என்று கேட்க மட்டும் உங்கள் ஆட்களில் இருப்பதிலேயே குட்டையானவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.