வெள்ளிக்கிழமையில் ஓடாத கற்பூரம்

கற்பூரத்தை நகத்தால் கிள்ளினால் விரல்நுனி சில்லென்றாகும், மூக்குக்குள் ஒரு குளிர்ச்சி புகுந்து கண்வரை ஏறும். அந்த வாசனை எங்கே எழுந்தாலும், சாமி நினைவு வருவதற்கு முன்னால் எனக்கு என் அக்கா செல்லம்மாள்தான் நினைவுக்கு வருகிறாள்.

சின்னமனூரில் எங்கள் வீட்டில் சாமிக்கு எரிந்த கற்பூரத்தைவிட நாங்கள் இருவரும் தண்ணீரில் விட்டதுதான் அதிகம். பித்தளைத் தாம்பாளத்தைப் புளிபோட்டுத் தேய்த்து, தண்ணீர் நிரப்பி, கடுகளவு துணுக்குகளைப் போட்டால் போதும், அவை உயிர் வந்ததுபோலச் சுழலும், விலகும், திடீரென்று இரண்டு கிட்டப் போய் ஒட்டிக்கொள்ளும். அதற்கு நாங்கள் வைத்த பெயர் ‘கிறுக்கு ஓட்டம்’. எல்லாப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத துகள்களால் ஆனது, அவை சும்மா இருப்பதில்லை, ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இருக்கும் என்று எட்டாம் வகுப்பில் கேட்டதோடு அக்காவின் படிப்பு நின்றுபோயிற்று, கேள்வி நிற்கவில்லை. “அப்படின்னா இத இழுக்குறது யாருடி? தண்ணியா, காத்தா?” என்று என்னைக் குடைவாள். நான் எதையாவது சொன்னால் அதற்குள்ளிருந்து இன்னொரு கேள்வியை உருவுவாள். “ரெண்டு கழுதைகளும் தண்ணியவே பாத்துக்கிட்டிருந்தா உலை கொதிச்சிருமாக்கும்?” என்று அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வரும்.

அந்த அக்காவைப் பெண் பார்க்க ஆண்டிபட்டியிலிருந்து வந்தார்கள். அவள் போய்விட்டால் நான் யாரோடு பேசுவது? வருகிற வண்டியின் அச்சு முறியட்டும் என்றுகூட வேண்டிக்கொண்டேன். முறியவில்லை.

“பாட்டு வருமாத்தா?” என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார். வராது. கோலமும் சுமார்தான். அக்கா தலை குனிந்து நிற்பதைப் பொறுக்காமல், “எங்கக்கா கற்பூரத்த ஓட வைக்கும்!” என்று கத்திவிட்டேன். சிரிப்புக்கு நடுவே தாம்பாளம் வந்தது. அக்கா கிள்ளிப் போட்டாள். கற்பூரம் அசையவே இல்லை.

“என்னத்தா, உங்க வீட்டுக் கற்பூரத்துக்குக் கால்வலியா?” என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

கூடம் முழுக்கச் சிரித்தது. சம்பந்தம் முறிந்தது என்று எனக்குள் ஒரு துள்ளல். அக்காவின் சிவந்த முகத்தைப் பார்த்ததும் அது அடங்கிப்போயிற்று.

வாத்தியார் வேலை பார்த்த மாப்பிள்ளை என்னைத்தான் கேட்டார்: “ஏ பாப்பா, அக்கா இன்னைக்கு எண்ணெ தேச்சுக் குளிச்சாகளா?”

வெள்ளிக்கிழமை ஆயிற்றே, அம்மா விடுவாளா! தலையாட்டினேன்.

“அதான். கையில எண்ணெ ஒட்டியிருக்கும். நீ குளிச்சியா?”

“தப்பிச்சு ஓடிட்டேன்.”

“அப்ப தட்டக் கழுவி, வேற தண்ணி ஊத்தி நீ போடு.”

போடாமல் இருந்திருக்கலாம். ஆனால் அக்கா என்னைப் பார்த்தாள். போட்டேன். கற்பூரம் பிய்த்துக்கொண்டு ஓடியது. எல்லாரும் அதைப் பார்க்க, அக்கா நிமிர்ந்து அவரைப் பார்த்து, “எண்ணெ எதுக்கு அத நிறுத்துது?” என்றாள். பெண் பார்க்க வந்தவரிடம் பெண் கேள்வி கேட்பதா? அவரோ, “தெரியலையே!” என்று சிரித்தார். என்னிடம் கேட்க வேண்டிய கேள்வி அது. அந்தக் கணத்தில் தெரிந்துவிட்டது, அக்கா போய்விட்டாள்.

இப்போது நான் மதுரையில் படிக்கிறேன். காரணம் கிடைத்துவிட்டது: தண்ணீரின் துகள்கள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்திருக்கின்றன, கற்பூரம் கரைகிற பக்கம் அந்தப் பிடி தளர, மறுபக்கம் அதை இழுத்துக்கொண்டு போகிறது, எண்ணெய் பரவினால் எல்லாப் பக்கமும் ஒன்றுபோலத் தளர்ந்துவிடுகிறது. சொல்லத் துடித்துக்கொண்டு போன மாதம் ஆண்டிபட்டியில் பஸ்ஸைவிட்டு இறங்கி ஓடினேன். அக்காவின் இடுப்பில் ஒரு பிள்ளை, காலைக் கட்டிக்கொண்டு ஒன்று, அடுப்பில் சோறு. அக்கா முழுவதும் கேட்டாள்.

“அப்படியாடி?” என்றாள்.

அடுத்த கேள்விக்காகக் காத்து நின்றேன். அவள் குனிந்து சோற்றை வடித்தாள். பிறகு, “கடைசி பஸ்ஸு போயிரும்டி, கெளம்பு,” என்றாள்.