பெயர் கேட்காத ட்ரக்டர்

யுத்த காலத்தில் கொழும்பு வெள்ளவத்தைத் தெருக்களில் எங்கள் பக்கம் குப்பைத் தொட்டியே கிடையாது. எவனாவது குண்டை வைத்துவிடுவான் என்று எல்லாவற்றையும் தூக்கிவிட்டார்கள். தொட்டி போனால் குப்பையும் போய்விடுமா என்ன? கால்வாய்க்குள் போய் விழுந்தது. நான் அப்போது நகர நிர்வாகத்தின் சுகாதாரப் பகுதியில் மேற்பார்வையாளன். கால்வாய் நாறினால் ஏச்சு எனக்குத்தான்.

குப்பை வீசுகிறவர்களுக்குத் தண்டம் அடி என்றார் மேலதிகாரி. கால்வாயோரம் முழுக்க லொட்ஜ்கள். வடக்கிலிருந்து வந்து, வெளிநாடு போகக் காத்திருந்த தமிழ்ச் சனம். தண்டம் எழுதப் பெயர் வேண்டும், அடையாள அட்டை இலக்கம் வேண்டும். பொலிஸ் பதிவுக்கே நடுங்குகிறவர்கள் எனக்கு வாய் திறப்பார்களா? தண்டப் புத்தகத்தோடு ஒடுங்கிய ஒழுங்கைக்குள் நுழைந்தால் கதவுகள் படபடவென்று சாத்திக்கொள்ளும். பகலில் வீசியவர்கள் விடியுமுன் வீசினார்கள். அதுதான் தண்டத்தால் கண்ட பலன்.

எனக்குப் பொறுக்கவில்லை. தினமும் காலை ஏழு மணிக்கு ஒரு ட்ரக்டர் தாருங்கள், மணியடித்து நானே குப்பையை வாங்குகிறேன், யாரிடமும் பெயர் கேட்கமாட்டேன் என்று மேலதிகாரியிடம் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சண்டை பிடித்தேன். ஒரு கிழமை, ஏழே நாள், தந்தார். சரிவராவிட்டால் வீடு வீடாகப் போய் நீதான் பெயர் எழுதவேண்டும், தமிழில் கேட்டால் கதவு திறக்கும் என்றார். என் சனத்தின் பெயர்களை நானே பட்டியல் போடுவதா?

மூன்று நாள் மணியடித்தேன். ஜன்னல்கள் மட்டும் திறந்தன. ட்ரக்டர் சாரதி சிரித்தான். நாலாம் நாள் ஒரு பெண் பையோடு வந்தார். இரண்டடி தள்ளி நின்று, முடிச்சை அவிழ்த்து, பையை எனக்கு முன்னால் விரித்துப் பிடித்தார். மீன் செதில், வெங்காயத் தோல். மற்றக் கையில் அடையாள அட்டை.

"அதை உள்ள வையுங்கோ அக்கா."

"செக் பண்ணேல்லையோ தம்பி?"

"குப்பையில என்னத்தைப் பாக்கிறது? போட்டிட்டுப் போங்கோ."

என் முகத்தையே பார்த்தார். பையைப் போட்டுவிட்டு, லொட்ஜின் மேல்மாடியைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"பேர் கேக்கேல்லை! கொண்டு வாங்கோ!"

படிகளில் செருப்புச் சத்தம் கேட்டது. சனிக்கிழமை ட்ரக்டர் இரண்டு நடை அடித்தது. மேலதிகாரி தானே வந்து பார்த்தார், தண்டப் புத்தகத்தை என்னிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டார்.

பிறகு எனக்குப் பதவி உயர்வெல்லாம் வந்தது. ஆனாலும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வதென்றால் இதைத்தான் சொல்வேன்: அந்த நாட்களில், அந்த ஊரில், அரசாங்க உடுப்புப் போட்ட ஒருவனைத் தேடி எங்கள் சனம் தானாகப் படியிறங்கி வந்தது.