உறுப்பினர் அல்லாதவர்

இலங்கை மலைநாட்டில், லிந்துலைக்கு மேலே தேயிலைத் தோட்ட உத்தியோகத்தர்கள் கூடுகிற கிளப் ஒன்று இருந்தது. கிளாக்கர்மார், தேயிலை ஆலையைப் பார்க்கிற டீமேக்கர்மார், தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர்கள் என்று நாற்பது பேர் அதில் உறுப்பினர்கள். அந்தக் கிளப்பைப் பெருக்கி, விளக்கேற்றி, தேநீர் ஊற்றி, பதினொரு வருஷமாகப் பார்த்துக்கொண்டவர் வீரய்யா. பின்பக்கத்து அறையில் அவரும் மனைவி மீனம்மாவும் குடியிருந்தார்கள். மீனம்மா பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறித்தாள்.

ஐம்பத்தேழாம் வருஷம் கமிட்டி ஒரு புது விதி போட்டது. குடித்துவிட்டு வருகிறவர் பில்லியட் மேசையைத் தொடக் கூடாது. கிளப்பின் தலைவரான பெரிய கிளாக்கர் அதைத் தன் கையாலேயே எழுதிச் சுவரில் ஒட்டினார்.

"வீரய்யா, யாரா இருந்தாலும் விடாதே. நாங்க இருக்கோம்" என்றார்.

வீரய்யா அதை நம்பினார்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானமே டீமேக்கர் செல்லசாமி தள்ளாடிக்கொண்டு வந்து ஆட்டக்கோலை எடுத்தார். வீரய்யா போய் மேசையோரம் நின்றார்.

"ஐயா, இன்னைக்கு வேணாங்க. கமிட்டி உத்தரவுங்க."

"எனக்கே உத்தரவு சொல்றியாடா?"

கோல் முதுகில் விழுந்து இரண்டாக முறிந்தது. கையிலிருந்த பாதியால் இன்னொரு அடி. அதை வீரய்யா இடது முழங்கையில் வாங்கினார். அறையில் ஏழு பேர் இருந்தார்கள். ஒருத்தரும் கையிலிருந்த சீட்டைக்கூடக் கீழே வைக்கவில்லை. அப்போதுதான் உள்ளே வந்த டிஸ்பென்சர் கணேசமூர்த்தி மட்டும் பாய்ந்து போய் செல்லசாமியைப் பிடித்து இழுத்தார். பிறகு முழங்கையைத் தடவிப் பார்த்து, எலும்பு விரிசல் விட்டிருக்கிறது என்று கட்டுப் போட்டார். வீரய்யாவின் பெயரில் கமிட்டிக்குப் புகாரையும் அவரே எழுதிக் கொடுத்தார்.

மறுவாரம் ஞாயிறு காலை கமிட்டி கூடியது. செல்லசாமிக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். அடிபட்டவர் ஒற்றைக் கையால் தட்டை ஏந்தி எல்லோருக்கும் தேநீர் கொண்டுபோனார், அடித்தவருக்கும் சேர்த்து. பிறகு வாசலோரம் நின்றார்.

பெரிய கிளாக்கர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "உறுப்பினர் ஒருத்தர் இன்னொரு உறுப்பினர் மேல கை வச்சா நீக்கலாம்னு இருக்கு. வேலையாளைப் பத்தி ஒண்ணும் இல்லை. வீரய்யா புகார் கொடுக்கவும் வழியில்லை."

"நான் உறுப்பினர்தானே? நான் கொடுக்கிறேன்" என்றார் கணேசமூர்த்தி.

"நீங்க அடி வாங்கலியே, டிஸ்பென்சர்!"

பெரிய கிளாக்கர் சொன்னதற்கு எல்லோரும் சிரித்தார்கள். சுவரில் ஒட்டியிருந்த புது விதியை யாரும் எடுக்கவே இல்லை. கடைசியில் ஒரே ஒரு குற்றம்தான் நின்றது. கிளப்பின் சொத்துக்குச் சேதம். செல்லசாமி புதுக் கோல் ஒன்று வாங்கித் தர வேண்டும், இரண்டு வாரம் மேசைப் பக்கம் வரக் கூடாது. அவ்வளவுதான்.

வீரய்யா வாசலை விட்டு முன்னே வந்தார். "ஐயா, கோலுக்குச் சொல்லிட்டீங்க. எங் கைக்கு?"

"அதான் கட்டுப் போட்டாச்சே. போய் இன்னும் கொஞ்சம் டீ கொண்டா" என்றார் பெரிய கிளாக்கர்.

வீரய்யா தட்டை அப்படியே தரையில் போட்டார். "நீங்களே ஊத்திக் குடிங்க. நான் பொலிஸுக்குப் போறேன்."

"போடா! உனக்குப் பிரஜாவுரிமை இருக்கா? உன்னைத்தான் பிடிச்சு இந்தியாவுக்குக் கப்பலேத்துவான்!" என்று கத்தினார் செல்லசாமி.

அதைக் கேட்டுக்கொண்டு பின்வாசலில் நின்ற மீனம்மா கூடையை இறக்கி வைத்தாள். "கப்பல் வரும்போது ஏறிக்கலாம். இப்ப பொலிஸுக்கு நடங்க."

பொலிஸ் ஸ்டேஷனில் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் வீரய்யா சார்ஜன்டிடம் நடந்ததைச் சொன்னார். மறுநாளே கிளப்பிலிருந்து கடிதம் வந்தது. கமிட்டியின் முன் ஒழுங்கீனமாக நடந்ததற்காக வேலை நீக்கம், மூன்று நாளில் அறையைக் காலி செய்யவும். அடித்தவர் உள்ளே, அடிபட்டவர் வெளியே. மீனம்மாவின் அண்ணன் இருந்த லயத்துக் காம்பிராவில், தொழிலாளர் வரிசை வீட்டின் அந்த ஒற்றை அறையில், ஒரு மூலை கிடைத்தது.

நுவரெலியா கோர்ட்டில் வழக்கு ஏழு மாதம் இழுத்தது. சீட்டாடிய ஏழு பேரில் ஆறு பேர் ஒன்றும் பார்க்கவில்லை என்றார்கள். ஏழாமவர், வீரய்யா தானே வழுக்கி விழுந்தார் என்று சத்தியம் செய்தார். கணேசமூர்த்தி ஒருவர்தான் கண்டதைச் சொன்னார். நீதவான் அவரை நம்பி, செல்லசாமியைக் குற்றவாளி என்று தீர்த்து அபராதம் விதித்தார்.

அந்த வாரமே கமிட்டி மறுபடியும் கூடியது. கிளப்பின் பெயரைக் கெடுத்த உறுப்பினர் ஒருவரை அன்றைக்கு ஏகமனதாக நீக்கினார்கள். செல்லசாமியை அல்ல, கணேசமூர்த்தியை!

வீரய்யா அட்டனில் மீராசாஹிப்பின் தேத்தண்ணிக் கடையில் சேர்ந்தார். இடது கை கடைசிவரை நேராக நீளவில்லை. கணேசமூர்த்தி மஸ்கெலியாப் பக்கம் மாற்றலாகிப் போனார். அட்டனுக்கு பஸ்ஸில் வரும்போதெல்லாம் கடையில் இறங்கிவிட்டுத்தான் போவார். கிளப்பைப் பற்றி இருவரும் பேச்செடுப்பதில்லை. எடுத்தால் தேநீர் கசந்துவிடும்.

அறுபத்து மூன்றில் கிளப்பிலிருந்து ஓர் இளம் கிளாக்கர் கடைக்கு வந்தார். "விதியை மாத்திட்டோம், வீரய்யா. வேலையாளைத் தொட்டாலும் இனி நீக்கம்தான். நீங்க திரும்பி வரணும்னு கமிட்டி விரும்புது."

"செல்லசாமி ஐயா இருக்காருங்களா?"

கிளாக்கர் தயங்கினார். "இப்ப உப தலைவர். அந்தத் திருத்தத்தையே அவருதான் கொண்டு வந்தாரு."

வீரய்யாவின் முகம் கறுத்தது. "என்னை அடிச்சுப் பேரு வாங்கினாரு. இப்ப எனக்காக விதி போட்டும் பேரு வாங்குறாரா? எந்திரிங்க. உங்களுக்கு இங்க டீ கிடையாது."

கிளாக்கர் எழுந்து போனார். மீராசாஹிப் வீரய்யாவிடமிருந்து தேநீர்க் கேத்தலைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். வீரய்யா பின்கட்டுக்குப் போய் வலது கையாலேயே விறகு பிளந்தார், மூன்று நாளுக்குப் போதுமான விறகு.