கொத்தமல்லி போட்ட கோதுமை பீர்

எனக்கு அறுபத்தெட்டு வயது. பெற்றது ஆறு, வளர்த்தது ஒன்பது. மூன்று பேர் என் ஓரகத்தி விட்டுப்போன பிள்ளைகள். இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால்... அந்த ஆறு பின்னால் தேவைப்படும்.

எனக்குத் தெரிந்த எழுத்து, என் பெயரைப் போடத்தான் போதும். மற்றதெல்லாம் நான் சொல்ல, பேத்தி சரோஜா எழுதுவது. இந்தப் பத்திரிகையை வாரா வாரம் படிக்கிற உங்களுக்கு இது தெரிந்ததுதான். அந்தச் சரோஜாவுக்குப் போன வெள்ளிக்கிழமை நிச்சயம் ஆயிற்று. ஆகாமலே போயிருக்கும். காரணம், நான் ஒரு கிளாஸ் பீர் குடித்தேன்.

ஆமாம். குடித்தேன்.

உலகச் சண்டை வந்ததிலிருந்து ரேஷனில் அரிசியைக் குறைத்துக் கோதுமையைப் போடுகிறார்கள் அல்லவா? எங்கள் மேனாம்பேட்டில் யாருக்கு அதைச் சமைக்கத் தெரியும்? சோறு மாதிரி வடித்தேன். பல்லுக்கு வேலை வைத்தது. கஞ்சி காய்ச்சினேன், மகன் முனுசாமி முகத்தைச் சுளித்தான். கோழிக்குப் போட்டேன். அதுகள்தான் குறை சொல்லவில்லை.

அந்தக் கோழிகள் இட்ட முட்டையை வாரம் ஒருமுறை ஆவடி பட்டாளத்து காம்ப் சமையல்கட்டுக்குக் கொண்டுபோகிறேன். அங்கே சமையல் பார்ப்பவர் ஒரு வெள்ளைக்காரர். இங்கிலீஷ்காரர் இல்லை, பெல்ஜியம் என்று ஏதோ தேசமாம், சண்டையில் ஊரை விட்டு வந்தவர். முட்டையோடு கொத்தமல்லி விதையும், காய்ந்த கிச்சிலி ஆரஞ்சுத் தோலும் வேண்டும் என்றார். கிச்சிலித் தோல் நான் குளியல் பொடிக்குக் காயவைப்பது. இந்த மனுஷர் குளிக்கிறாரா, குழம்பு வைக்கிறாரா?

மூன்று வாரம் பொறுத்தேன். நாலாவது வாரம் அங்கே வேலை பார்க்கும் பட்லர் அந்தோணியைக் கேட்டேவிட்டேன்.

"அது பீரு, பெரிம்மா. கோதுமைல காய்ச்சறாரு. அவுரு ஊரு பக்கம் ஊட்டுக்கு ஊடு செய்வாங்களாம்."

"கோதுமைலயா? எங்கூட்டுக் கோழி துன்றதுலயா? எனக்கு ஒரு கிளாஸ் குடு, இன்னா ருசின்னு பாக்கறேன்."

"ஐயே, அது ஆம்பள சமாச்சாரம் பெரிம்மா."

"கொத்தமல்லி யாருது? தோலு யாருது? வாங்கறப்போ மட்டும் நான் ஆம்பளயா தெரிஞ்சனா?"

அந்தோணி இதை எப்படி மொழிபெயர்த்தாரோ, வெள்ளைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அவரே பீப்பாயில் பிடித்து என் கையில் கொடுத்தார்.

அரிசி களைந்த தண்ணீர் மாதிரிக் கலங்கல். மேலே, உலை பொங்கும்போது வருமே, அந்த நுரை. முதல் வாய் நீராகாரப் புளிப்பு. அப்புறம் மெல்ல ஒரு கசப்பு. விழுங்கிய பிறகு தொண்டைக்குள்ளிருந்து எழுந்து வந்தது... என் கொத்தமல்லி! தெரியாத ஊர்ச் சந்தையில் சொந்தக்காரியைப் பார்த்த மாதிரி இருந்தது. நின்றபடியே, பட்டப்பகலில், கிளாஸைக் காலி செய்தேன். ஒரு ஏப்பம் வந்தது. விட்டேன்.

அந்த ஏப்பத்தை, சரோஜாவுக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளையின் சித்தப்பா பார்த்துவிட்டார். வெள்ளானூர்க்காரர், காம்பில் கொத்தனார் வேலை.

மறுநாளே சேதி வந்தது: 'கெழவி குடிக்கிற ஊட்ல பொண்ணு எடுக்கணுமா?'

முனுசாமி என் காலடியில் உட்கார்ந்துவிட்டான். "எம்மா, மார்சளிக்கு மருந்துன்னு சொல்லிடும்மா. அத்தோட முடிஞ்சிது. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்கோ."

இதுதானே நம் வழக்கம்? பிள்ளை பெற்றவளை மூக்கைப் பிடித்து, வாயில் பிராந்தியை ஊற்றுகிறோம். எனக்கு ஆறு பிள்ளைக்கும் ஊற்றினார்கள். நெருப்பு! அதற்குப் பெயர் மருந்து. ஆண்கள் கள்ளுக்கடையிலிருந்து வந்தால் அதற்குப் பெயர் அலுப்பு. நானாகக் கேட்டு, நானாக ருசித்து ஒரு கிளாஸ் குடித்தால் — அதற்கு மட்டும் பெயர் மானக்கேடா?

ஆனால் கல்யாணம் எனக்கு இல்லையே. சரோஜாவைக் கேட்டேன்.

"உனக்கு இந்தப் பையன் வேணுமாடி?"

"வேணும் ஆயா."

"அப்ப மருந்துன்னு சொல்லிடவா?"

"உனக்குப் பொய் சொல்ல வராது ஆயா. மாட்டிக்குவ," என்றாள். கண் கலங்கித்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை வந்தார்கள். தட்டு மாற்றுவதற்கு முன் மாப்பிள்ளையின் தகப்பனார் தொண்டையைக் கனைத்தார்.

"ஊர்ல ஒரு பேச்சு கீது. நீங்க காம்ப்ல ஏதோ... மருந்து சாப்ட்டீங்கன்னு..."

பாவம், அவரே எனக்கு வழி விட்டுக்கொடுத்தார்.

"மருந்து இல்ல. பீரு. நானே கேட்டு வாங்கிக் குடிச்சேன். நல்லா இருந்துது."

தட்டில் இருந்த கையை அவர் எடுத்துவிட்டார். முனுசாமி தலையைக் கவிழ்த்துக்கொண்டான். கதவுக்குப் பின்னால் சரோஜாவின் வளையல் சத்தம் நின்றுபோயிற்று. அந்த நிமிஷம்... மருந்து என்றே சொல்லியிருக்கலாமோ என்று எனக்கும் தோன்றியது. ஆனால் சொன்னதை மாற்றவில்லை.

மாப்பிள்ளையின் தாயார் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"கசந்துச்சா?"

"கொஞ்சூண்டு. அப்பால கொத்தமல்லி வாசன."

"எனக்கு நாலு புள்ளைக்கும் ஊத்துனாங்கோ," என்றாள். "ஒரு வாட்டியும் வேணுமான்னு யாரும் கேக்கல." புருஷன் பக்கம் திரும்பினாள். "இன்னா பாத்துகினு கீற? உன் தம்பி மட்டும் தெனம் சாயங்காலம் மோரா குடிச்சிட்டு வராரு? தட்ட எடுய்யா."

எடுத்தார். கொத்தனார் சித்தப்பா எங்கள் கூரையில் விரிசல் தேடிக்கொண்டிருந்தார். ஓலைக் கூரையில்!

எல்லாரும் போய்க் குடியுங்கள் என்று நான் சொல்லவில்லை. குடித்ததை மருந்து என்று சொல்லமாட்டேன், அவ்வளவுதான். இந்த வாரமும் முட்டை கொண்டுபோகிறேன். கொத்தமல்லியும்தான்.

சரோஜா எழுதுவதை நிறுத்திவிட்டாள். "வெள்ளானூர்லயும் இந்தப் பத்திரிகைய வாங்கறாங்க ஆயா," என்கிறாள்.

வாங்கட்டும். முதலிலிருந்து படி, கேட்கிறேன். 'குடித்தேன்' வருகிற இடத்தில் குரலைத் தாழ்த்தாதே!