வாடை மாதத்துத் தண்ணீர்

மண்ணூர்பேட்டையில் அந்தத் தெருவுக்கு கெங்கம்மாளின் முகம் தெரியும். குரல்தான் அவ்வளவாகத் தெரியாது. பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் ரப்பர் வாஷருக்குப் பிசிறு வெட்டுகிற வேலை. நாலு வருஷத்துக்கு முன் ஓர் ஆடி ஞாயிறு, அவள் புருஷன் மெரினாவில் குளிக்க இறங்கிக் காணாமல் போனான். இறங்கிய இடத்திலேயே அவன் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் வடக்கே, துறைமுகப் பாறைகளுக்குள் கிடைத்தான். சட்டைப் பொத்தானை வைத்துத்தான் அடையாளம் சொல்ல முடிந்தது.

இந்த மார்கழியில் எதிர்வீட்டு சரசாவின் புருஷன் ஸ்ரீகாந்த், அதே மெரினாவில் அலையோடு போய்விட்டான். மறுநாள் காலையில் சரசா வாசலில் உட்கார்ந்து ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"மூஞ்சியையாவது பாக்கணும். மூஞ்சி போறதுக்குள்ள."

அவள் அண்ணன் சம்பந்தம் இரண்டு ஆட்டோவில் ஆள் ஏற்றிவிட்டு கெங்கம்மாளிடம் வந்தான்.

"யக்கா, உன் ஊட்டுக்காரரு எங்க கெட்ச்சாரு?"

"ஆர்பர் பாறையாண்ட."

"அப்ப அங்கதான் ஒதுங்கும். வண்டிய எடுங்கடா."

கேட்டதற்குச் சொல்லியாகிவிட்டது. கெங்கம்மாள் துணி உலர்த்த மாடிக்குப் போனாள். கொடியில் போட்ட புடவை தெற்குப் பக்கமாகவே அடித்தது. பத்து நாளாக இதே வாடை. ஈரக் கையோடு அப்படியே நின்றாள். அன்று அவள் புருஷன் உடலைக் கரைக்குக் கொண்டுவந்த மீனவர் சொன்னது காதில் விழுந்தது.

"ஆடிக் காத்து தெக்கேந்து தள்ளும்மா, கரையோரத் தண்ணி வடக்கால ஓடும். வாடை எறங்கிச்சின்னா தண்ணி திரும்பிக்கும். காத்து மார்ற வரைக்கும் தெக்காலதான். இவரு மார்கழில போயிருந்தா நீ நீலாங்கரைல தேடியிருக்கணும்."

படியிறங்கி வந்தாள். சரசாவைச் சுற்றித் தெருவே நின்றது. பேசினால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

"நான் தப்பா சொல்ட்டேன், சரசா. அது ஆடி. இப்ப வாடை. தண்ணி தெக்கால போவுது."

சரசாவின் மாமியார் கமலம் நிமிர்ந்தாள். "இத்தினி வருசமா வாய தொறக்காதவ, காத்துக்கு ஜோசியம் சொல்ல வந்துட்டா."

கெங்கம்மாள், சரசா அண்ணனைக் கூப்பிட்டு நீட்டிய போனை வாங்கிக்கொண்டாள்.

"சம்பந்தம், நீலாங்கரைக்குப் போ."

"இன்னாக்கா, நீதான பாறைன்னு..."

"அது ஆடிக் கதை. போ."

அடுத்த நாள் விடிந்ததும், நீலாங்கரைக்குச் சற்றுத் தெற்கே கரைவலை இழுத்தவர்கள் ஸ்ரீகாந்தைக் கண்டார்கள். கெங்கம்மாள் கூட நிற்க, சரசா குனிந்து பார்த்தாள். நெற்றி மணலைப் புடவையால் துடைத்தாள். அழவில்லை.

"மூஞ்சி கீதுக்கா," என்றாள்.

கெங்கம்மாள் தலையசைத்தாள்.

வீட்டுக்கு வந்து மாடி ஏறினாள். புடவை இன்னும் தெற்கேதான் அடித்துக்கொண்டிருந்தது. எடுத்து மடித்து வைத்துவிட்டு, மதிய ஷிப்டுக்குக் கிளம்பினாள்.